பாரதிப்ரியா ஆடும் நாள்

ஒரு படகில் ஆறு பேர் ஏறினால் ஆறு பேருக்கும் வேலை உண்டு. ஒருவன் சுக்கான் பிடிப்பான், ஒருவன் வலை இறக்குவான், ஒருவன் கயிறு பார்ப்பான். சோறு ஆக்குகிறவன்கூட வலை ஏறும் நேரத்தில் கை கொடுக்க ஓடி வருவான். சும்மா உட்கார வைப்பதற்காக ஒருத்தனைக் கடலுக்குக் கூட்டிப் போனதாகக் காரைக்கால் கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இந்த நியாயத்தை நம்பித்தான் மேட்டுக் குப்பத்துச் சனங்கள் தப்புப் பண்ணினார்கள், பிள்ளைகளே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் குப்பத்தில் குணசேகரன் விசைப்படகு ஓட்டுகிறவன். அவன் பெண்சாதி மலர்க்கொடி கூடையில் மீன் எடுத்துத் தருமபுரத்துத் தெருக்களில் விற்கிறவள். அவர்கள் மகள் பாரதிப்ரியா, இடது கையால் பந்தைச் சுழற்றிப் போடுகிற பெண். அலை வற்றிய ஈர மணலில் பையன்களோடு ஆடிப் பழகி, பாண்டிச்சேரி அணிக்குப் போய், இருபத்திரண்டு வயதில் இந்தியப் பெண்கள் அணியோடு ஆஸ்திரேலியா போகும் பதினாறு பேரில் ஒருத்தியாகிவிட்டாள். அங்கே ஒரு டெஸ்ட், மூன்று ஒருநாள் ஆட்டம், மூன்று இருபது ஓவர் ஆட்டம். ஆக மொத்தம் ஏழு.

பேப்பரில் பெயர் வந்த அன்று பஞ்சாயத்துத் தலைவர் தங்கையன் கோயில் மைக்கைப் பிடித்தார். பாரதிப்ரியா ஆடும் நாளில் ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகக் கூடாது என்றார். திருவிழாவுக்கும் சாவுக்கும் சுனாமி வந்த நாளுக்கும் மட்டும் போடுகிற கட்டுப்பாடு அது. ஒரு பெண் பிள்ளைக்காகக் கடலை மூடியது அதுதான் முதல் தடவை. குணசேகரன் மணலில் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டெஸ்டுக்கு முதல் நாள் பாரதிப்ரியா போன் பண்ணினாள். குரல் தணிந்திருந்தது.

"அம்மா, பதினாறு பேர்ல பதினோரு பேருதாம்மா ஆடுவாங்க."

"மத்த அஞ்சு பேரு?"

"ஒக்காந்துருப்பாங்க. நான் சொல்றது புரியுதா? ஊருல சொல்லிரும்மா."

மலர்க்கொடிக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருக்கலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். ஒக்கார வைக்கிறதுக்கா அம்புட்டுத் தூரம் பிளேன்ல கூட்டிட்டுப் போவான், புள்ள பயந்துபோயிச் சொல்லுது என்றான். வெளியே படகுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் மதிலில் பெரிய வெள்ளைத்திரை ஏறிக்கொண்டிருந்தது. தங்கையனிடம் போய்ச் சொல்ல அவள் வாசல்வரை வந்தாள். திரை கட்டக் கம்பத்தில் ஏறியிருந்த பையன் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, அக்கா மூஞ்சி நல்லாத் தெரியுமா இங்கேருந்து?" என்று கேட்டான். தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே ஊரே திரைக்கு முன் உட்கார்ந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட பதினோரு பெண்கள் இறங்கினார்கள். பாரதிப்ரியா அவர்களில் இல்லை. பின்னால் வருவாள் என்றார்கள். வெயில் ஏறிய பிறகு அவள் வந்தாள். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். சனங்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். கோயில் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். அவள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்த வழியே ஓடிப்போனாள். மேளம் நின்றது.

பெண்கள் டெஸ்ட் நாலு நாள். நாலு நாளும் அப்படித்தான். கடவுள் வேறு விளையாடினார். மூன்றாம் நாள் மத்தி மீன் கூட்டம் கரைக்குக் கிட்டே வந்துவிட்டது. பக்கத்துக் குப்பத்துப் படகுகள் பாரம் தாங்காமல் தாழ்ந்து வருவது திரைக்கு முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை. கட்டுப்பாட்டை மீறக்கூடாது என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒழுங்கான சனம். திட்டிவிட்டு எழுந்து போயிருந்தால் மலர்க்கொடிக்குக் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்.

அடுத்த வாரம் ஏலக்கரையில் பக்கத்து வீட்டு வினோதா கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள். "ஏக்கா, ஒம் மவ தண்ணிதான் தூக்குறான்னா நம்ம கொழாயடியிலயே தூக்கியிருக்கலாம்ல. பிளேன் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஐஸை அள்ளி மீன்மேல் கொட்டினாள். கொட்ட வேண்டியதற்கு மேலேயே கொட்டிவிட்டாள்.

அப்புறம் உடுப்பு நீலமானது. முதல் ஒருநாள் ஆட்டத்துக்கும் கடல் மூடியே இருந்தது. சொன்ன சொல்லிலிருந்து தங்கையன் எப்படி இறங்குவார்? அதிலும் அவள் பாட்டில்தான் தூக்கினாள். இரண்டாவது ஆட்டத்தன்று பாதிப் படகுகள் இருட்டிலேயே சத்தமில்லாமல் போய்விட்டன. மூன்றாவதற்கு முன்னால் தங்கையனே வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"குணசேகரா, ஊரு ஒன்னும் சொல்லல. மீனுதான் நிக்க மாட்டேங்குது."

"நீங்க தெறந்து விடுங்கண்ணே. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்," என்றான் குணசேகரன்.

திரை இறங்கியது. அன்று சாயங்காலம் பாரதிப்ரியா கூப்பிட்டாள். ஊரில் நடந்ததெல்லாம் சிநேகிதப் பெண்கள் வழியாக அவளுக்குப் போயிருக்கிறது. எனக்காக யாரும் கரையில நிக்க வேண்டாம்னு சொல்லும்மா என்றாள். இப்ப யாரும் நிக்கல என்று எப்படிச் சொல்வது?

"பயிற்சியில நல்லாத்தாம்மா போடுறேன். கோச்சுகூட நல்லாருக்குங்கிறாரு. பேரு மட்டும் வர மாட்டேங்குது. நான் என்னம்மா பண்றது?"

"சாப்புட்டியா?" என்று கேட்டாள் மலர்க்கொடி. பெற்றவள் கையில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். போனுக்குள் கையை விட்டு ஒரு கவளம் ஊட்டக்கூட முடியாது.

இருபது ஓவர் ஆட்டம் இரண்டும் போயின. மிச்சம் ஒன்று. அதற்கு முதல் நாளே குணசேகரன் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நாளைக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள் மலர்க்கொடி. அவன் டீசல் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அந்தப் பாட்டிலை எத்தினி தடவ பாக்குறது மலரு," என்றான். கோபம் இல்லை. கரையில் நிற்க அவனுக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று மதியம் மலர்க்கொடி கூடையோடு தருமபுரத்தில் ஹஃபீஸா வீட்டுக்குப் போனாள். பதினைந்து வருஷமாக மீன் கொடுக்கிற வீடு. ஹஃபீஸாவின் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவனோடு பேச விஷயம் வேண்டுமே என்று கிரிக்கெட் பார்க்கக் கற்றுக்கொண்ட மனுஷி அவள். வா மலரு, அங்க மழை, இன்னும் ஆரம்பிக்கல என்று டிவிக்கு முன்னால் உட்கார வைத்து டீ கொடுத்தாள். மழை இரண்டு மணி நேரம் பெய்தது. ஆட்டத்தை ஆளுக்கு ஏழு ஓவராகக் குறைத்துவிட்டார்கள். அப்போதுதான் திரையில் பெயர்கள் வந்தன. யாரோ ஒரு பெண்ணுக்கு மைதானத்தில் ஓடிப் பார்க்கும்போது கணுக்கால் பிசகிவிட்டதாம். பத்தாவது பெயர் பாரதிப்ரியா.

ஹஃபீஸா டம்ளரைக் கீழே வைத்தாள். "மலரு. ஒம் மவ."

மலர்க்கொடிக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அவர் கடலில் இருக்கிறாரே என்பதுதான் வந்தது. அந்தத் தூரத்துக்குச் செல்போன் எட்டாது. பஞ்சாயத்துக் கொட்டகையில் படகுகளோடு பேசுகிற வயர்லெஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. தங்கையனுக்குப் போன் போட்டாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டகைக்கு ஓடி, போனைப் பெட்டியின் மைக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரைச்சலுக்குள்ளிருந்து குணசேகரன் குரல் வந்தது.

"யாரு, மலரா? என்ன, யாருக்கு என்ன?"

"ஒன்னுமில்லீங்க. பாப்பா ஆடுறா."

வலை தண்ணியில கெடக்கு, திரும்பினாலும் மூணு மணி நேரம் ஆவும் என்றான். அதை அவளுக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா, தெரியவில்லை. பிறகு கேட்டான்: "எங்க நிக்கிறா?"

"சோத்தாங்கைப் பக்கம், கோடியில. தரையில கயிறு போட்டுருக்குல்ல, அந்தக் கயித்தோரமா."

"பந்து வருதா?"

"இன்னும் வல்ல."

அந்த வயர்லெஸ் எல்லோருக்கும் பொது. ஒரு படகில் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை படகுக்கும் கேட்கும். அன்று மேட்டுக் குப்பத்தின் முப்பத்து நாலு படகும் வாயைத் திறக்காமல் மலர்க்கொடியைக் கேட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கு ஆட்டத்து வார்த்தைகள் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். இப்ப கையைத் தட்டுறா. இப்ப தொப்பியைச் சரி பண்றா. ஒரு பந்து நேராக அவள் பக்கம் வந்தது. மேலே, ரொம்ப மேலே. பாரதிப்ரியா இரண்டு கையையும் தூக்கினாள். பந்து அவள் தலைக்கு மேலே போய்க் கூட்டத்தில் விழுந்தது.

"என்னாச்சு? என்னாச்சு மலரு?"

"மேலால போயிருச்சுங்க."

ஆஸ்திரேலியாவின் ஏழு ஓவரும் முடிந்தன. அவளுக்குப் பந்துபோடக் கொடுக்கவில்லை. குறைந்த ஓவர் ஆட்டமென்றால் பழைய ஆளுங்களைத்தான் நம்புவாங்க, பொண்ணு மேல குத்தமில்ல என்று ஹஃபீஸா விளக்கினாள். மலர்க்கொடி அதைப் போனில் சொல்லவில்லை.

நம் பெண்கள் மட்டை பிடிக்க வந்தார்கள். அவசரமாக அடித்து அவசரமாக அவுட் ஆனார்கள். ஆறாவது ஓவரின் கடைசிப் பந்தில் எட்டாவது விக்கெட் விழுந்தது. பாரதிப்ரியா மட்டையோடு உள்ளே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. ஹஃபீஸா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்துவிட்டாள்.

மிச்சம் ஒரு ஓவர், ஆறு பந்து. வேண்டியது ஏழு ரன். ஓவர் மாறியதால் எதிர்முனையில் இருக்கிற பெண்ணுக்குத்தான் பந்து. பாரதிப்ரியா மறுமுனையில் நின்றாள்.

"அடிக்கப் போறாளா?"

"இல்லீங்க, அந்தப் பொண்ணு அடிக்கிது. இவ இந்தக் கோடியில நிக்கிறா."

முதல் பந்தில் இரண்டு பேரும் இரண்டு ரன் ஓடினார்கள். ஓடுறா, ஓடுறா என்று மலர்க்கொடி எழுந்துவிட்டாள். இரண்டாவது பந்தில் பாரதிப்ரியா பாதி தூரம் ஓடி வந்தாள். அந்தப் பெண் உள்ளங்கையை நீட்டி, வராதே என்றாள். பாரதிப்ரியா திரும்பி ஓடி மட்டையைக் கோட்டுக்குள் நீட்டினாள். மூன்றாவதில் மறுபடி இரண்டு. நாலாவதில் மறுபடி பாதி தூரம், மறுபடி அந்த உள்ளங்கை. அந்தப் பெண்ணையும் தப்புச் சொல்ல முடியாது. அனுபவம் உள்ளவள், தானே அடித்து முடிக்கப் பார்க்கிறாள். ஐந்தாவது பந்து வெறுமனே போனது.

"வாங்கிக் குடுக்கச் சொல்லு மலரு. ஒரு பந்து அவளுக்கு வாங்கிக் குடுக்கச் சொல்லு."

யாரிடம் சொல்லச் சொல்கிறான், பாவம்? மலர்க்கொடி அதையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க," என்றாள்.

கடைசிப் பந்துக்கு மூன்று ரன் வேண்டும். அந்தப் பெண் உயரத் தூக்கி அடித்தாள். பாரதிப்ரியா தலைதெறிக்க ஓடினாள். பந்து இறங்கி ஒருத்தியின் கைக்குள் விழுந்ததைப் பார்க்காமலே ஓடி, கோட்டைத் தாண்டி, இரண்டாவது ரன்னுக்காகத் திரும்பினாள். சுற்றிலும் மஞ்சள் உடுப்புக்காரிகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரைச்சலுக்குள் குணசேகரன் மூன்று தடவை கூப்பிட்டான்.

"தோத்துட்டாங்க."

"பாப்பா அவுட்டா?"

"இல்ல. அவளுக்குப் பந்தே வரலீங்க."

"அவுட்டு இல்லல்ல?"

"இல்ல. கடைசிவரைக்கும் நின்னா."

இன்னொரு படகிலிருந்து வினோதாவின் புருஷன் குரல் குறுக்கே வந்தது. "அண்ணே, நாங்களும் கேட்டோம்ண்ணே."

திரையில் எல்லோரும் கை குலுக்கி உள்ளே போனார்கள். பாரதிப்ரியா கடைசியாக வந்தாள். காலில் கட்டிய பேடுகளைக்கூட அவிழ்க்கவில்லை. கயிற்றோரத்தில் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. ஒரு மாதப் பழக்கம். குனிந்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றா?" என்று கேட்டான் குணசேகரன். அவன் பின்னால் யாரோ வலை ஏற்றலாமா என்று சத்தம் போட்டார்கள்.

காலடியில் கூடையிலிருந்து ஐஸ் உருகி ஹஃபீஸா வீட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தாள்.

"கெளம்பிட்டாங்க," என்றாள். "எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல. நீங்க வலையை ஏத்துங்க."