நாலு மணிக்கு அணையும் கடிகாரம்

கொட்டாரம் ஊரிலிருந்து வயல்களுக்குள் இறங்கும் பாதையில், கடைசி வீட்டில் பூதலிங்கம் என்றொருவர் இருந்தார். அவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு ஒரு வியாதி இருந்தது. நாள்தோறும் மாலை நாலு மணியானால் அது மூச்சை விட்டுவிடும்.

வெறும் மணி காட்டும் கடிகாரமாக இருந்திருந்தால் இதைக் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. இது ஸ்மார்ட் வாட்ச். மணிக்கட்டின் தோலைத் தொட்டபடியே நாடித் துடிப்பை எண்ணும். எண்ணியதைச் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்குச் சொல்லும். கைப்பேசி அதை அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் ஹரிதாவின் கைப்பேசிக்குச் சொல்லும். சார்ஜில் போடாமலே அரைமணி நேரம் துடிப்பு வந்து சேராவிட்டால் அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும். உடனே ஹரிதா கூப்பிடுவாள். ஆக, இங்கே நாலு மணிக்குக் கடிகாரம் அணைந்தால், நாலரைக்கு மகளின் குரல் வந்துவிடும். அங்கே அப்போது பகல் பன்னிரண்டு.

"அப்பா, வாட்ச் மறுபடியும் செத்துப் போச்சா?"

"ஆமா மக்கா. சவம், நாலு மணிக்கு மேல நிக்க மாட்டேங்கு."

"சார்ஜ்ல போடுங்கோ. மருந்து சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டாச்சு."

"சரிப்பா. வைக்கட்டா?"

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட வராத பேச்சு. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகப் பூதலிங்கம் மூன்று மணிக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, முன்னறை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நாற்பதாண்டுக் குடும்ப வாழ்க்கையில் அவர் மகளுக்குத் தானாகத் தொலைபேசி போட்டதே இல்லை. அந்த வீட்டில் அது மீனாட்சியம்மாளின் வேலை. ஹரிதா கோயம்புத்தூரில் படித்தபோதும் சரி, கடல் கடந்து போன பிறகும் சரி, எண்ணை அழுத்துவதும், ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பதும் மனைவிதான். கடைசியில், "இந்தா, அப்பாட்ட குடுக்கேன்" என்று கருவியை நீட்டுவாள். அவர் வாங்கி, "நல்லாயிருக்கியா?" என்று கேட்பார். "நல்லாயிருக்கேன்பா" என்று பதில் வரும். திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் தோன்றியதில்லை. பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தவர். கடிதம் எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவார், பேசச் சொன்னால் நாலு சொல்லுக்கு மேல் வராது.

அவர் தானாக மகளை அழைத்தது ஒரே ஒரு முறை. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில், மீனாட்சியம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்த அன்று. "அப்பாவா? அப்பாவா கூப்பிடுகீங்கோ?" என்று ஹரிதா கேட்டாள். அவர் பதில் சொல்வதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டாள். அப்பாவின் பெயர் திரையில் வந்ததே அவளுக்குச் செய்தியாகப் போயிற்று.

அதற்குப் பின் அவரால் அந்த எண்ணை அழுத்த முடியவில்லை. இரண்டொரு தரம் விரலை அருகே கொண்டு போனார். அங்கே அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தால்? குழந்தையை இடுப்பில் வைத்திருந்தால்? பேரைப் பார்த்ததும் பதறிப்போவாளே என்று விரலை இழுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து திரும்பிப் போகும்போது ஹரிதா கட்டிவிட்டுப் போனதுதான் அந்தக் கடிகாரம். முதலாண்டு ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். பிறகு அது மெலிந்தது. துடிப்பு, தூக்கம், நடந்த அடிகள் எல்லாவற்றையும் கடிகாரம் சொல்லிவிடுவதால் கேட்பதற்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்கும் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அப்படியிருக்கையில்தான், ஏழு மாதங்களுக்கு முன், கடிகாரத்தின் பேட்டரி தளர்ந்தது. முதல்முறை அது நாலு மணிக்கு அணைந்து நாலரைக்கு மகள் கூப்பிட்டபோது, பூதலிங்கத்துக்கு வறண்ட வாய்க்காலில் தண்ணீர் வந்ததுபோல் இருந்தது.

கொட்டாரம் சந்திப்பில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஸ்ரீகுமார், அவருடைய தங்கையின் மகன். வாயாடி. ஹரிதா சொல்லிப் பூதலிங்கம் கொண்டுபோன கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இதுக்கு ஆயுசு மூணு வருசம். நாலு ஓட்டியாச்சு. கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கதையும் நிறுத்திட்டான். பேட்டரிய மாத்தலாம்னா ஒட்டி வச்சிருக்கான், பிரிச்சா உள்ள தண்ணி எறங்கும். புதுசு வாங்குங்கோ."

"நம்ம கெணத்து மோட்டார் இருபத்திரண்டு வருசமா ஓடல்லியா?"

"மோட்டாரு ஒங்க நாடிய எண்ணுகா? மாமாவுக்கு எல்லாம் மோட்டாருதான்! சரி, வெளிச்சத்தக் கொறச்சு வச்சுத் தாறேன். ராத்திரி வரை நிக்கும்."

நின்றது. அன்று நாலு மணி கடந்தது, நாலரை கடந்தது, ஐந்தும் கடந்தது. பூதலிங்கம் திருநீறு பூசிய நெற்றியோடு நாற்காலியில் இருந்தார். கொக்குகள் வயலைவிட்டு எழுந்து குளத்தங்கரை மரங்களுக்குப் போயின. கைப்பேசி வாய் திறக்கவில்லை. கடிகாரம் மட்டும் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தோடு உட்கார்ந்தார். எங்கே எதைத் தொட்டால் வெளிச்சம் கூடும் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்தார். முழு வெளிச்சத்தில், திரை அணையாமல் எரியும்படி வைத்தார். வாழ்க்கையில் அலுவலகக் கோப்பு ஒன்றைக்கூட ஒளித்து வைத்தறியாத மனிதர், அன்றைக்கு ஒரு களவைச் செய்தார். நாலு மணிக்குக் கடிகாரம் அணைந்தது. நாலரைக்கு மகள் வந்தாள்.

இப்படியே மாதங்கள் போயின. "புதுசு அனுப்பட்டா?" என்று ஹரிதா கேட்கும்போதெல்லாம், "இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும், நல்ல சாமானத்த எதுக்குத் தூரப் போடணும்?" என்பார். சிக்கனக்காரர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கன்னிப்பூ நெல் அறுவடை நாளில் அந்த ஏற்பாடு உடைந்தது. அறுவடை இயந்திரம் மதியம் வருவதாகச் சொல்லி நாலே காலுக்கு வந்தது. பூதலிங்கம் அவசரமாக வரப்பில் இறங்கினார். கைப்பேசி முன்னறை நாற்காலியிலேயே கிடந்தது, வீடு பூட்டியிருந்தது. நெல்லை மூட்டை பிடித்து முடித்துத் திரும்பும்போது ஐந்தரை தாண்டியிருந்தது.

வீட்டு வாசலில் ஸ்ரீகுமாரின் ஸ்கூட்டர் சரிந்து கிடந்தது. ஸ்ரீகுமார் மதிலுக்கு உள்பக்கம் நின்று, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா! ஓ மாமா!" என்று கத்திக்கொண்டிருந்தான். மதில் ஏறிக் குதித்ததில் அவன் முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

"என்னலே?" என்றார் பூதலிங்கம், பின்னாலிருந்து.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்கோ மாமா? கதவ ஒடைக்க ஆள் கூப்பிட்டாச்சு! அங்க ஒருத்தி தலையில அடிச்சுக்கிட்டுக் கெடக்கா!"

தன் கைப்பேசியை அவர் காதோடு அழுத்தினான்.

"அப்பா?" என்றாள் ஹரிதா. குரல் உடைந்திருந்தது. "பதினேழு தடவ கூப்பிட்டேன்பா. ஆபீஸ் படிக்கட்டுல இருக்கேன். அம்மாவுக்கு வந்த மாதிரி... அடுக்களையில கெடக்கியளோன்னு..."

"வயலுக்குப் போனேன் மக்கா."

"ஒவ்வொரு நாளும் அந்த மணி அடிக்கும்போ எனக்கு இப்பிடித்தான் இருக்கும். பேட்டரிதான்னு தெரியும். ஆனாலும் நீங்க எடுக்குறது வரைக்கும் கை நடுங்கும்."

ஏழு மாதமாக அவர் நெற்றியில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்த அந்த நேரங்களில் எல்லாம், எங்கோ ஒரு படிக்கட்டில் ஒரு கை நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஸ்ரீகுமார் கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜில் போட்டான். உயிர் வந்ததும் திரை பளீரென்று எரிந்தது. அவன் புருவம் சுருங்கியது.

"வெளிச்சத்த நா கொறச்சுல்லா வச்சேன்? யாரு கூட்டுனா?"

பூதலிங்கம் உரிந்த அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீகுமார் கடிகாரத்தைப் பார்த்தான்; முன்னறையில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்தான்.

"சரி, போகட்டும்" என்றான் மெதுவாக. "முழங்காலுக்குத் தேங்காயெண்ண இருக்கா மாமா?"

அவன் போன பின் பூதலிங்கம் அடுக்களையில் சோற்றை வடித்துவைத்துவிட்டுச் சும்மா நின்றார். ஹரிதாவுக்குச் சோறூட்டும்போது மீனாட்சியம்மாள் சொல்லும் கதையொன்று நினைவுக்கு வந்தது. ஒரு மரத்தடியில் ஓர் ஆமை இருந்ததாம். அதற்கு மரத்தின் மேலிருந்த மைனாவோடு பேச ஆசை. கூப்பிடத் தெரியாது. அதனால் அடிமரத்தை ஓட்டால் இடிக்குமாம். கூடு ஆடும், குஞ்சு விழுந்துவிடுமோ என்று மைனா பதறிக்கொண்டு கீழே இறங்கி வரும். ஆமைக்கு மகிழ்ச்சி. மறுநாளும் இடிக்கும். அதற்கு மேல் என்ன நடந்தது? பூதலிங்கத்துக்கு நினைவில்லை. அவள் கதை சொன்ன காலத்தில் அவர் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இனி அவளிடம் கேட்கவும் முடியாது.

ஹரிதா அனுப்பிய புதிய கடிகாரம் ஒன்பதாம் நாள் வந்தது. ஸ்ரீகுமார் கட்டிவிட்டான். பன்னிரண்டு நாள் சார்ஜ் நிற்கும் என்றான். கீழே விழுந்தால் தானே தெரிந்துகொண்டு தகவல் அனுப்பும் என்றான். "இது ஒரு மூணு வருசம் கவலையில்லாம ஓடும் மாமா" என்றான். மூன்று வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று பூதலிங்கம் மனதுக்குள் அளந்து பார்த்தார்.

அன்று நாலரைக்கு எந்தச் சத்தமும் இல்லை. ஆறு மணிக்கு ஹரிதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: எல்லாம் பச்சை காட்டுகிறது, நிம்மதி. அதற்கடுத்த நாள் அதுவும் வரவில்லை. எல்லாம் பச்சையாக இருக்கும்போது எழுதுவதற்கு என்ன இருக்கிறது? மகள் நிம்மதியாக இருக்கிறாள். அது நல்லது. அதை அவர் ஒரு நாளில் பல தடவை தனக்குச் சொல்லிக்கொண்டார். கழற்றி வைத்தால் போதும், அரைமணியில் குரல் வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். வாரின் கொக்கியைத் தொட்டார். விட்டுவிட்டார். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

ஆறு நாள் கழிந்தது. பால்காரர், கீரைக்காரி, கோயில் ஒலிபெருக்கி, இவ்வளவுதான் அந்த ஆறு நாளில் அவர் கேட்ட குரல்கள். ஏழாம் நாள் மாலை, அங்கே பகல் உணவு வேளையாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, பூதலிங்கம் கைப்பேசியை எடுத்தார். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தார். இரண்டு வரிக்கு மேல் அதிலும் வரவில்லை. எண்ணை அழுத்தினார்.

ஒரே மணியில் எடுத்தாள். "அப்பா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மக்கா."

"ஒண்ணும் இல்லாம நீங்க கூப்பிட மாட்டீங்கோ. யாருக்கு என்ன? ஸ்ரீகுமார் அத்தானுக்கா? சொல்லுங்கோ!"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"நில்லுங்கோ, நான் பாக்கேன்... அப்பா, நூத்திப் பதினாறு காட்டுது! நெஞ்சு வலிக்கா? உக்காருங்கோ, உக்காந்தாச்சா? நான் அத்தான வரச் சொல்லுகேன்..."

"வேண்டாம். வலி ஒண்ணும் இல்ல." அவர் தாளைத் தேடினார், அது எங்கோ விழுந்துவிட்டது. "அது உனக்குப் போன் போட்டதுனால."

அந்தப் பக்கம் தட்டுகள் உரசும் ஒலியும் யாரோ சிரிக்கும் ஒலியும் மட்டும் தூரத்தில் கேட்டன.

"பழைய வாட்ச் நாலு மணிக்குச் சாகும்லா," என்றார் பூதலிங்கம். "அத நாந்தான் சாகடிச்சேன். வெளிச்சத்தக் கூட்டி வச்சு."

"எதுக்கு?"

"நீ கூப்பிடுவேல்லா."

அவள் குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "எத்தன நாளு?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "இப்ப மீட்டிங் இருக்குப்பா. போணும்."

"சரி, போ." பிறகு, எழுதி வைக்காத ஒன்றை அவரே கேட்டார்: "நாளைக்கு நான் போடட்டா?"

"போடுங்கோ. ஆனா எடுத்த உடனே 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டுப் பெறவு பேச்ச ஆரம்பியுங்கோ. எனக்கு இன்னும் கை நடுங்குது."

இணைப்பு அறுந்தது. வீடு முன்போலவே அமைதியாக இருந்தது. பூதலிங்கம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். நூற்றுப் பத்து. நூற்று நாலு. தொண்ணூற்றெட்டு. எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே கூட்டத்துக்குள் நுழையும் முன், அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ என்னவோ. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.