டாக்டர் எழுதிய புத்தகம்

சிமென்ட் முதலாளியின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஒட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. கட்டடக் கலை பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்குக் கிடைத்த பட்டம். உண்மையில் அதை எழுதியது அவர் நடத்தும் கல்லூரியின் தற்காலிக ஆசிரியர். அட்டையில் முதலாளியின் படம், உள்ளே ஆசிரியரின் மூளை. வேலையை நிரந்தரம் ஆக்குவதாக வாக்கு கொடுத்திருந்ததால் ஆசிரியரும் வாயைத் திறக்கவில்லை.

அச்சாகி வந்த பிறகுதான் ஆசிரியரின் கண்ணில் அந்தப் பிழை பட்டது. கான்கிரீட் கூரையைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளை எப்போது பிரிக்கலாம் என்ற பட்டியலில் இரண்டு வரிகளை மாற்றிப் போட்டிருந்தார். சின்ன அறைக்கு ஏழு நாள், பெரிய கூடத்துக்கு இருபத்தொரு நாள். புத்தகத்தில் தலைகீழ். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முதலாளியின் அறை வரை போனார். இரண்டு முறையும் டாக்டரோடு நின்று யாராவது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள். "எட்டு வருஷமா தற்காலிகம். இன்னைக்காவது உங்க மேதாவித்தனத்தை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க."

கேள்வி கேட்டவர் முதலாளியேதான். பாவம், புத்தகத்தை மனப்பாடமே செய்திருந்தார்.

"பெரிய கூடத்துக்கு எத்தனை நாள்ல சென்ட்ரிங் பிரிக்கலாம்?"

"இருபத்தொ..."

முதலாளியின் புருவம் ஏறியது. "என் புத்தகத்தைப் படிச்சீங்களா இல்லையா?"

ஆசிரியர் சட்டென்று திருத்திக்கொண்டார். "ஏழு நாளுங்க."

"அப்படிச் சொல்லுங்க! படிச்சவங்களே தடுமாறுற இடம் அது. நம்ம மேஸ்திரிகூட இருபத்தொரு நாள் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். படிப்பில்லாத ஆளு. புத்தகத்தைக் காட்டி ஏழாம் நாளே பிரிக்க வச்சேன். நாளைக்கு நம்ம புது அரங்கத்துல முதல் வகுப்பு உங்களுதுதான்!"

நிரந்தர நியமன உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றிரவு முழுக்க ஆசிரியர் தூங்கவில்லை.

மறுநாள் அரங்கத்தில் இருநூறு பிள்ளைகள். முன்வரிசையில் முதலாளி. ஆசிரியர் பாடத்தை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தார். கூரை நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல், சுவர் வரை ஓடியிருந்தது.

"எல்லாரும் எழுந்து வெளியே போங்க. மெதுவா, ஓடாம."

ஒருத்தி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். "ஏழு நாள் போதும்னு டாக்டர் எழுதியிருக்காரே, சார்?"

ஆசிரியர் முதலாளியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அதை எழுதினவனே சொல்றேம்மா, எழுந்திரு."