இரண்டாம் பிரதிவாதி தேசம்மா

பாண்டுரங்கன் கடலுக்குப் போனது எண்பத்தொன்பது டிசம்பரில். மூன்றாம் நாள் அவனுடைய கட்டுமரம் கோவளம் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அடையாறு ஊரூர் குப்பத்தில் எல்லோரும் ஒரு மாதத்தில் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அவன் தாய் தேசம்மா மட்டும் ஒப்பவில்லை. மருமகள் முத்துமாரி பொட்டில்லாமல் இருந்தால் தன் கையாலேயே வைத்துவிடுவாள். இருவரும் ஒரே அடுப்பில் ஆக்கித் தின்று, மார்க்கெட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்து மீன் விற்று, ஏழு வருஷத்தைத் தள்ளினார்கள்.

குடியிருந்த குடிசை மாற்று வாரிய வீடு பாண்டுரங்கன் பேரில் இருந்தது. தொண்ணூற்றேழில், பேர் மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். உடல் கிடைக்காதவனுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வரச் சொன்னார்கள்.

மயிலாப்பூரில் வக்கீல் ராமானுஜத்தின் ஆபீசுக்கு முத்துமாரி நடையாய் நடந்தாள். அங்கே டைப் அடிக்கும் ஹம்சா, கோர்ட்டின் பெயர் மேலே, அதன் கீழே வாதி, அதற்கும் கீழே பிரதிவாதி என்று முதல் பக்கத்தை அடித்துப் படித்துக் காட்டினாள். வாதி, காலஞ்சென்ற பாண்டுரங்கனின் மனைவி முத்துமாரி. பிரதிவாதி, வட்டாட்சியர்.

பத்து நாளில் கோர்ட்டிலிருந்து பேப்பர் திரும்பி வந்தது. இறந்துவிட்டான் என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கில், தீர்ப்புக்கு முன்பே ‘காலஞ்சென்ற’ என்று எப்படிப் போடலாம் என்று கேட்டிருந்தார்கள். ஹம்சா அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். வெறும் மனைவி என்றே இருப்பதைக் கேட்டதும் முத்துமாரிக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அதுவும் திரும்பி வந்தது. பெற்ற தாயும் வாரிசு, அவள் பெயர் முதல் பக்கத்தில் இல்லையே என்று இந்தத் தடவை எழுதியிருந்தார்கள்.

அத்தையைத் தன்னோடு சேர்த்து எழுத முடியாதா என்று முத்துமாரி கேட்டாள்.

“அவா கைநாட்டு வச்சா உன் பக்கத்துலயே போட்டுடலாம். வைக்கலேன்னா எதிர்ப்பக்கம்தான்” என்றாள் ஹம்சா. “நடுவுல போட எடம் கெடையாதும்மா.”

அன்று சாயங்காலம் முத்துமாரி மெதுவாகப் பேச்செடுத்தாள். தேசம்மா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எம் புள்ள செத்துட்டான்னு நா ரேகை வைக்கணுமா?”

மறுநாள் முத்துமாரி மயிலாப்பூர் போய், எதிர்ப்பக்கமே போட்டுவிடச் சொன்னாள். வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்றரை மாதம் போய்விட்டது.

சம்மன் வந்த அன்று தேசம்மா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். படிக்கத் தெரியாது என்றதும், கோர்ட் ஆள் வாசலில் நின்றே முதல் பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போனான். முத்துமாரி மார்க்கெட்டிலிருந்து வந்தபோது தேசம்மா தன் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எதிராளி யாருன்னு காயிதத்துலயே போட்டுட்டியே மாரி. இன்னும் பேச இன்னா கீது?”

கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்களாம், அதற்கு வேறு அர்த்தம் இல்லை என்று முத்துமாரி அழுதுகொண்டே சொன்னாள். தேசம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொட்டிவாக்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

விசாரணைக்குத் தானாகவே வந்தாள். கூண்டில் ஏறி, தன் மகன் சாகவில்லை, செத்ததை யாரும் பார்க்கவில்லை என்று உரக்கச் சொன்னாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவனை யாராவது பார்த்தார்களா, கடிதம் வந்ததா, ஏதாவது சேதி உண்டா என்று கேட்டார். தேசம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“இல்லீங்க” என்றாள்.

தீர்ப்பு முத்துமாரிக்குச் சாதகமாக வந்தது. மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது என்றார் ராமானுஜம், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. தன் வாயாலேயே மகனைக் கொன்றுவிட்டதாகச் சொல்லித் தேசம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று கொட்டிவாக்கத்திலிருந்து ஆள் வந்து சொன்னான்.

வீடு பேர் மாறிய வாரம் முத்துமாரி அங்கே போனாள், அத்தைக்குப் பிடித்த வஞ்சிரத்துண்டு நாலை எடுத்துக்கொண்டு. காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிட வேண்டும் என்று இருந்தாள். தேசம்மா வாசலுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கோபம் எதுவும் காட்டவில்லை.

“வாங்க. உக்காருங்க” என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முத்துமாரியை ஒரு தடவைகூட ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. முத்துமாரி உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கொண்டுவந்ததை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து தார்ச்சாலைக்கு வந்தாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து நின்றுவிட்டுப் போனது.