பதினொரு கூடாரங்களைத் தாண்டி

எங்கள் துனுக்-கொல் ஏரியை ஒரே நாளில் நடந்து சுற்றியவர் யாரும் கிடையாது. தூரம் ஒன்றும் பெரிதில்லை, இருபத்தாறு கிலோமீட்டர்தான். கோடை வந்தால் கரையெங்கும் ஆடு மேய்க்க வருகிறவர்களின் பதினொரு கூடாரங்கள் முளைத்துவிடும், அதுதான் தொல்லை. வாசலில் ரொட்டியை நீட்டினால் ஒரு துண்டாவது பிட்டு வாயில் போடாமல் நகரக் கூடாது. ரொட்டியைத் தொட்டால் தேநீர் வரும், தேநீர் வந்தால் ஊர்க்கதை வரும், பொழுது போயே போய்விடும்.

நகரத்து நடைப்பயணச் சங்கத்திலிருந்து ஜிபெக் என்றொருத்தி ஜீப்பில் வந்து இறங்கினாள். உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரே பகலில் நடந்து சுற்றிக் காட்டினால் இந்தப் பாதையைத் தங்கள் புத்தகத்தில் போடுவார்களாம். நடந்து காட்டியவருக்கே வழிகாட்டி வேலை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். நான் கையைத் தூக்கிவிட்டேன். முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு வேலை! ஜிபெக் என் பெயரைக் கேட்டாள்.

"அவ பேரு புருல்ச்சா. என் தம்பி பொண்டாட்டி," என்றார் ஷாயிக் அத்தான். வெளியூர்க்காரர்கள் ஏரியைச் சுற்றக் குதிரை கொடுக்கிறவர் அவர். நடந்தே சுற்றலாம் என்று தெரிந்துவிட்டால் அவர் குதிரையை யார் சீண்டுவார்கள்? "ஏம்மா, இது அடுப்படிக்கும் ஆத்தோரத்துக்கும் நடக்கிற நடைன்னு நெனச்சியா?"

"தெனம் நூறு ஆட்டைத் தொரத்துற காலு அத்தான் இது!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப் நின்ற இடத்திலிருந்து கிளம்பினேன். தண்ணீருக்கடியில் கிடக்கும் கற்களைக்கூட எண்ணலாம். கரையோர மீன்கள் என் நிழலைக் கண்டு சிதறின. அத்தனை குஷி எனக்கு. ஆனால் முதல் மூன்று கூடாரங்களிலும் உள்ளே போய் உட்கார்ந்தேன் பாருங்கள், அது சுத்த மடத்தனம். மூன்றாவதிலிருந்து வெளியே வந்தபோது மணி பத்தரை. கால்வாசி ஏரிகூடத் தாண்டவில்லை. அழுகை முட்டியது.

நான்காவது கூடாரம் கண்ணில் பட்டதுமே தொண்டை கிழியக் கத்தினேன். "அக்கோவ்! ரொட்டிய எடுத்துக்கிட்டு வெளிய வாங்க! நடந்துக்கிட்டே திங்கிறேன்!"

"என்னடி, நாய் தொரத்துதா?"

"மணி தொரத்துதுக்கா!"

அந்த அக்கா சிரித்துக்கொண்டே ரொட்டியோடு வந்து, மருமகளைப் பற்றிய புகாரை எல்லாம் அரை கிலோமீட்டர் கூடவே நடந்து சொல்லி முடித்தாள். ஊர்க்கதையும் ஆயிற்று, தூரமும் குறைந்தது. அடுத்தடுத்த கூடாரங்களிலும் அதே வேலைதான். சரளைச் சரிவில் கைகளை ஊன்றித் தவழ்ந்தேன். பனி உருகி வரும் ஓடையில் முழங்கால் வரை விறைத்துப்போனது. பத்தாவது கூடாரத்துப் பெண்களுக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது, வழியிலேயே ரொட்டியும் புளித்த குதிரைப்பாலுமாக நின்று, "ஓடுடி, விடாதே!" என்று கை தட்டினார்கள்.

பதினோராவது, ஷாயிக் அத்தானின் கூடாரம். மணி நாலரை. இன்னும் ஆறு கிலோமீட்டர். வாசலில் அவர் ஒரு கொழுத்த செம்மறியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விருந்தாளிய சும்மா அனுப்பலாமா? உனக்காகத்தான் அறுக்கப் போறேன். வாழ்த்து சொல்லும்மா."

நமக்கென்று அறுத்த ஆட்டைச் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டு உறவையே அறுத்துக்கொண்ட மாதிரி. கறி வேக மூன்று மணி நேரம் ஆகும். அது தெரிந்துதான் நிற்கிறார் மனுஷர். அவர் மனைவி சோனுன் அக்கா என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைக் கிளறினாள்.

ஆத்திரத்திலும் மூளை வேலை செய்தது. விருந்தாளி வாழ்த்தாமல் கத்தி ஆட்டின் மேல் படாது. வாழ்த்து முடிந்து "ஓமின்", அதாவது அப்படியே ஆகட்டும், என்று முகத்தைத் தடவிவிட்டால் அல்லாவின் முன்னால் சம்மதித்த மாதிரி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது. நான் இரண்டு கைகளையும் ஏந்தினேன். ஆட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவரும் ஏந்தினார்.

"இந்த வீட்டுல ஆடு மாடு பெருகட்டும். அத்தான் குதிரைங்க நோய்நொடி இல்லாம இருக்கட்டும். இந்தக் கறி பஞ்சா வேகட்டும். அது வேகறதுக்குள்ள நான் ஏரியச் சுத்தி முடிச்சு, திரும்பி வந்து, இதே எடத்துல உக்காந்து வயிறு முட்டச் சாப்பிடணும். ஓமின்!"

"ஓமின்!" சோனுன் அக்கா கூடாரம் அதிரக் கத்தினாள். அத்தானின் கைகளும் பழக்கதோஷத்தில் முகத்தைத் தடவி இறங்கிவிட்டன. அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏய், இது என்ன வாழ்த்து?"

"நீங்களும்தான சேந்து சொன்னீங்க அத்தான்!" அக்கா நீட்டிய ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு எடுத்தேன் ஓட்டம்.

ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு இன்னும் நாலே நிமிடம். அதன் முகப்பில் ஓங்கி அறைந்தேன். ஜிபெக் நோட்டை விரித்து என் பெயரை எழுத எழுத நான் குதித்தேன், கத்தினேன், அவளைக் கட்டிக்கொண்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஜீப் போன கையோடு குளம்புச் சத்தம் கேட்டது. ஷாயிக் அத்தான்தான், கையில் இன்னொரு குதிரையின் கடிவாளம்.

"ஏறு. கறி வெந்துக்கிட்டிருக்கு. உன்னக் கூட்டிட்டு வராம உள்ள கால் வைக்கக் கூடாதுன்னுட்டா உங்கக்கா."

"நான் நடந்தே வர்றேன் அத்தான். இனிமே அதான என் வேலை."

என்னைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். நான் நடக்க அவர் மட்டும் மேலே உட்கார்ந்து வர ரோஷம் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது, முனகிக்கொண்டே இறங்கி என்னோடு நடந்தார். ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"உங்க கூடாரத்துக்குத்தான போறோம் அத்தான், உங்களுக்குத் தெரியாதா?"

"குதிரையில போனா தெரியும்," என்றார்.