கம்பெனி பெல்ட்

காருக்கு எவ்வளவு வயதானாலும் அதில் மாட்டுவது கம்பெனி சாமானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அப்பா இம்மிகூட இறங்கி வரமாட்டார். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளியவர். "உள்ளே நிக்கிறவனுக்குத் தெரியுமா, எந்தக் கம்பியில தொங்குறோம்னு? மாட்டுறவனுக்குத் தெரியணும்" என்பார். மகள் மருந்துக்கடை வைத்திருந்தாள். ஒரே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளில் வந்து இறங்குவதைத் தினமும் பார்ப்பவள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் வண்டி ஓட்ட முடியவில்லை. பிசியோதெரபிக்கு மகள்தான் அழைத்துப் போனாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே அவர் வருவார். அந்த இருக்கையின் சீட் பெல்ட் ஒருநாள் உயிரை விட்டது. இழுத்தால் வந்தது, உள்ளே போக மறுத்தது. ஈரத் துண்டு மாதிரி அவர் வயிற்றின் மேல் துவண்டு கிடந்தது.

மெக்கானிக்கை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அவ்வளவு கனம். அவன் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஐயா, இந்த மாடலுக்குக் கம்பெனியில பெல்ட் வர்றது நின்னுபோச்சு. மார்க்கெட் பெல்ட் புதுசா இருக்கு. நான் போட்ட வண்டியில ஒருத்தரும் குறை சொல்லி வந்ததில்ல. இல்லேன்னா, வண்டி உடைக்கிற இடத்துல இதே மாடல் ஒண்ணு நிக்குது. அதுலேர்ந்து ஒரிஜினலக் கழட்டிட்டு வரலாம்."

"புதுசே போடுங்க" என்றாள் மகள்.

"இரு இரு" என்றார் அப்பா. "அந்த வண்டி அடிபட்டதா?"

"அதான் ஐயா ஆச்சரியம். ஒரு கீறல் இல்ல. ஏன் உடைக்கக் குடுத்தாங்கன்னே தெரியல. ஆனா சொல்றதச் சொல்லிடறேன், பழைய பெல்ட்ட நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல."

"யாரோ போட்டுக் கழட்டுனது உங்களுக்கு எதுக்குப்பா?"

"நீ டப்பாவ மாத்திக் குடுத்துட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடுவ. கண்ணாடிய உடைச்சிக்கிட்டுப் பறக்கப்போறது நான்ல?"

அவளுக்கு வாதாடச் சலிப்பாக இருந்தது. கம்பெனி முத்திரை போட்ட பழைய பெல்ட் அப்பாவின் இருக்கைக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாளே அது அவருக்கு எட்டவில்லை. ஒரு அளவுக்கு வந்து நின்றுகொண்டது. மூச்சை உள்ளிழுத்து, வயிற்றை எக்கி, ஒருவழியாக மாட்டினார். "எனக்கு முன்னாடி இதுல உக்காந்தது யாரோ ஒல்லிக்குச்சி. அந்த அளவு இதுக்குப் பழகிப்போச்சு" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள்.

அடுத்த தடவை, அப்பாவுக்கு மாட்டிவிட அவள்தான் குனிந்து பெல்ட்டை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கையை உதறினாள். குளிர்ந்த காலை. வண்டி நிழலில் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. ஆனால் பெல்ட்டின் இரும்பு நாக்கு கதகதப்பாக இருந்தது. சுடவில்லை. இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு எழுந்து போன மாதிரி, உடம்புச் சூடு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

கடைக்குத் தனியாகப் போகும்போது அந்த இருக்கையில் அவள் கைப்பையை வைப்பது வழக்கம். ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து கதவைத் திறந்தாள். பை கீழே கிடந்தது. காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. தொங்கலாக இல்லை. நடுவில் ஒரு ஆள் இருந்தால் எப்படி வளைந்து நிற்குமோ, அப்படி, இருக்கையைத் தொடாமல் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லத் தளர்ந்து இருக்கையில் படிந்தது.

அவள் பேருந்தில் வீட்டுக்குப் போனாள். மறுநாள் அப்பாவை அழைத்து வந்துதான் வண்டியை எடுத்தாள். நடந்ததைச் சொன்னபோது அப்பா கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உங்கிட்ட சொல்லல" என்றார் தயங்கி. "பிசியோ முடிஞ்சு திரும்பி வர்றப்ப, அந்தப் பெட்ரோல் பங்க் முக்குல இது என்னைப் பிடிக்குது."

"பிடிக்குதுன்னா?"

"இறுக்குது. நீ நேரா போறப்பல்லாம். ரொம்ப இல்ல. தோளத் தொட்டு, 'இங்கதான், இங்கதான்'னு சொல்ற மாதிரி. ஸ்பிரிங்கப் பிரிச்சுப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

"இன்னைக்கே கழட்டிடலாம்பா."

"கழட்டலாம். ஆனா ஒரு தடவ அங்க திரும்பிப் பாத்துட்டுக் கழட்டலாமே. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

பிசியோ முடிந்து வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெட்ரோல் பங்க் முக்கில் அவள் அவரைப் பார்த்தாள். பெல்ட் அவர் சட்டையைச் சுருக்கி நெஞ்சோடு அழுத்துவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. அவள் இடது பக்கம் திரும்பினாள். பெல்ட் விட்டுக்கொடுத்தது. அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டினால் பெல்ட் இறுகும். அவள் பின்னால் எடுத்துத் திரும்புவாள். பெல்ட் இளகும். ஒரு பள்ளிக்கூடச் சுவர், மூடிக் கிடந்த அச்சகம், அப்புறம் ஒரு குறுகலான தெரு. அதன் கடைசியில் பச்சைக் கதவு போட்ட வீடு. அங்கே பெல்ட் முழுக்கத் தொய்ந்துபோய் அப்பாவின் மடியில் கிடந்தது.

அவள் என்ஜினை அணைக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் உள்ளே இருந்து அந்த மனிதர் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலில்தான் செருப்பு. கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. அவர் மகளைப் பார்க்கவே இல்லை. நேராகப் பக்கத்து இருக்கையின் ஜன்னலுக்கு வந்தார்.

"வந்துட்டியா" என்றார்.

பிறகுதான் உள்ளே தொந்தியும் வெள்ளை மீசையுமாக அப்பா இருப்பது அவர் கண்ணில் பட்டது. முகம் செத்துப்போயிற்று.

"மன்னிச்சிருங்க ஐயா. எங்கிட்டயும் இதே வண்டி இருந்துச்சு. சத்தத்தக் கேட்டு..."

"உங்க வண்டியோட பெல்ட்டுதான் இது" என்றார் அப்பா. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த மனிதர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை. சிகிச்சைக்கு அந்த வண்டியில்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். போகப்போக இளைத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தடவை, பெட்ரோல் பங்க் பக்கம் வரும்போது, 'சீக்கிரம் வீட்டுக்குப் போங்க, எனக்கு வீட்டுக்குப் போகணும்' என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன் தங்கச்சி. ராத்திரிக்கு என்ன செய்யறதுன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டே வந்தேன். நிமிர்ந்துதான் உக்காந்திருந்தா. பெல்ட்டு அவளப் பிடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. இங்க வந்து, வீடு வந்துடுச்சு, எந்திரின்னு சொன்னேன்."

உருளைக்கிழங்கை என்ன செய்வது என்று தெரியாமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆம்புலன்ஸ்காரங்க அவள வாசல்லயே எறக்கி அப்படியே கொண்டுபோயிட்டாங்க. வீட்டுக்குள்ள வரவே விடல. அந்த வண்டிய என்னால பாக்க முடியல. வித்தா வேற யாராவது அந்த சீட்டுல உக்காருவாங்கன்னு உடைக்கக் குடுத்தேன்."

அப்பா கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினார். "நீங்க ஒரு நிமிஷம் பாருங்க" என்று வழிவிட்டார்.

அந்த மனிதர் குனிந்து காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை மாட்டினார். அது உடனே நிமிர்ந்து, நடுவில் வளைந்து, இருக்கையைத் தொடாமல் நின்றது. மகள் வலது பக்கக் கதவை ஒட்டி ஒடுங்கினாள். அவரோ பயப்படவில்லை. இரும்பு நாக்கின்மேல் கையை வைத்து, அது கதகதப்பாக இருப்பதைத் தெரிந்துகொண்டவர்போல் தலையாட்டினார்.

"வீடு வந்துடுச்சு" என்றார். "இறங்கு."

அவர் பொத்தானை அழுத்தவில்லை. மகள் நன்றாகப் பார்த்தாள், அவர் கை நாக்கின்மேல்தான் இருந்தது. டக்கென்று பூட்டு விட்டது. பெல்ட் அவசரமில்லாமல் சுருண்டு உள்ளே போனது. இருக்கையின் மெத்தை பெருமூச்சு விட்டதுபோல் மேலெழுந்தது.

அவர் நன்றி சொன்னாரா என்பதுகூட மகளுக்கு நினைவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு பின்னோக்கி எடுக்கும்போதுதான் அதைப் பார்த்தாள். அந்த மனிதர் பச்சைக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். தாம் மட்டும் நுழைவதற்கு வேண்டியதைவிட அகலமாக. ஒரு முழங்கையை மடக்கி வைத்திருந்தார். நடக்க முடியாத ஒருவருக்குத் தாங்கல் கொடுப்பதுபோல. பிறகு ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறி உள்ளே போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெல்ட் அப்பாவின் வயிற்றைச் சுற்றித் தாராளமாக நீண்டுகொடுத்தது. நாக்கு சில்லென்று இருந்தது.

"இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள்.

"மாத்திடு."

"மார்க்கெட் பெல்ட்டா? கம்பெனி முத்திரை இருக்காதேப்பா."

"இல்லாட்டிப் போகுது" என்றார். "ஒருத்தரும் உக்காராதது வேணும்."

சோடாபுட்டி புது பெல்ட்டைப் போட்டான். அது விறைப்பாக இருந்தது, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது, அப்பாவின் கழுத்தை அறுத்தது. அவர் தினமும் முனகினார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகளுக்கு மனசு கேட்கவில்லை. தனியாக இருக்கும் மனிதர், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பழம் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். வண்டியை அச்சகத்துப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். பதில் கேட்பவரைப்போல் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதத்தான் நானும் சொல்றேன்" என்று சிரித்துவிட்டு மேலே வாசித்தார்.

அவள் கதவைத் தட்டவில்லை. பழப்பையைப் படியில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் திரும்பி நடந்தாள்.