நல்லாத்தான் இருக்கார்

மாமனாரின் கால் வழுக்கியதை மருமகன் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. திரும்பியபோது அவர் ஓடைக்குள் மல்லாந்து கிடந்தார். தலைக்குக் கீழே ஒரு பாறை.

"மாமா!"

"கத்தாதீங்க மாப்ள, மீனெல்லாம் பயந்துக்கும்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

பின்மண்டையைத் தடவிப் பார்த்தான். ரத்தம் இல்லை. எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

"திரும்பிடலாம் மாமா. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்."

"இதுக்கா? காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணவன் நான். இருட்டுக் குழிக்குள்ள மண்டைய இடிச்சுக்காத நாளே கிடையாது. இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதா?"

ஓய்வு பெற்றபின் அவரைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. முகம் தெரியாத யாரோ காட்டுக்குள் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தைக் காட்டும் வரைபட எண்களை மட்டும் இணையத்தில் போட்டுவிடுவார். போனைப் பார்த்துத் தேடிப்போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு என்று எதுவும் கிடையாது. "அப்பா தனியா காட்டுக்குப் போனா எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. நீங்களும் போங்க" என்று மனைவி தள்ளிவிட்டதால்தான் அவன் வந்தான். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரும் அவனும் டிவியைப் பார்த்தபடி பேசிக்கொண்டதோடு சரி.

மேட்டில் ஏறியபோது போன் அடித்தது. அவள்தான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

மாமனார் உதட்டில் விரல் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பிக் கெஞ்சினார்.

"நல்லாத்தான் இருக்கார். என்னாலதான் ஈடு கொடுக்க முடியல."

அவள் சிரித்துவிட்டு வைத்தாள். மாமனார் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்படிப் போடுங்க. இப்பத்தான் மாப்ள நீங்க நம்ம ஆளு."

அவனுக்கு அது பிடித்திருந்தது.

பாதை மறுபடி ஓடையோடு இறங்கியது. சருகு மெத்தென்று மிதிபட்டது. ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது. வாய் ஓயாத மனிதர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"பொட்டி எங்க இருக்குன்னு போட்டிருக்கு?"

"சாஞ்ச மரத்துப் பொந்துக்குள்ள மாமா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். "பொட்டி எங்க இருக்குன்னு போட்டிருக்கு?" இந்த முறை நாக்கு குழறியது. பதில் சொல்வதற்குள் குனிந்து வாந்தி எடுத்தார்.

அவன் அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண்களைப் பார்த்து அளவெடுக்கிறவன் அவன். இடது கண்ணின் பாப்பா கடுகு போலச் சுருங்கியது. வலது கண்ணில் அது மிளகு போல விரிந்து, அசையாமல் நின்றது.

"உக்காருங்க மாமா."

"பொட்டி..."

"பொட்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

அவரிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்தார்.

அங்கே சிக்னல் இல்லை. "அசையக் கூடாது, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேர்களைப் பிடித்துச் சரிவில் ஏறினான். உச்சிக்குப் போனதும் இணைப்பு கிடைத்தது. எந்த இடம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டார்கள். அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பெட்டியின் எண்களையே படித்துக் காட்டினான். "அவரத் தனியா விட்றாதீங்க" என்றது குரல். விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். பை மட்டும் இருந்தது. அவர் இல்லை.

"மாமா! மாமா!"

ஓடை தன்பாட்டுக்குச் சலசலத்தது. ஓடினான். வளைவு தாண்டி ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவர் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை முழங்கைவரை பொந்துக்குள் இருந்தது. மூச்சு குறட்டையாக வந்துகொண்டிருந்தது. மெல்ல இழுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, பிளாஸ்டிக் டப்பா ஒன்று விரல்களுக்குள் இறுகியிருந்தது.

"கெடச்சிருச்சு மாமா. நீங்கதான் எடுத்தீங்க. பேர் எழுத வேணாமா? கண்ணத் தொறங்க மாமா."

ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஓடையின் சத்தம் கேட்டது. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஓடையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஸ்ட்ரெச்சர் தூக்கி வந்தவர்கள் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் நிமிர்ந்து இல்லை என்று தலையசைத்தார். விரல்களை விலக்கி டப்பாவை எடுத்து அவனிடம் கொடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பொந்துக்குள்ளேயே வைத்தான்.

திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்ததும், அப்பா ஓடையில் விழுந்துவிட்டார் என்று மட்டும் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தான். கார் நிறுத்துமிடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது அவள் முன்பே வந்து நின்றிருந்தாள். ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவள் போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"நான் போன் பண்ணப்ப அப்பா விழுந்தாச்சா?"

சொல்லாதீங்க என்று அவர்தான் கெஞ்சினார். அது நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா" என்றான்.

போர்வை நீளம் போதாமல் அப்பாவின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே பேண்ட் முழுக்க ஒட்டுப்புல் விதைகள். அவள் சரளைக்கல்லில் உட்கார்ந்து அவற்றைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அவன் இன்னொரு காலின் பக்கம் போய் உட்கார்ந்தான். அவள் நிமிரவில்லை, தடுக்கவுமில்லை. விதைகள் துணிக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது.