ஹின்டராவில் காற்று இல்லை

பனிச்சறுக்குக் கற்றுத்தரும் லாஸ்பாக் ஸ்கீ பள்ளியில் வெள்ளிக்கிழமை மட்டும், கற்றுக்கொள்ள வந்த விருந்தாளி வைத்ததுதான் சட்டம். மற்ற நான்கு நாளும் ஆசிரியர் கைகாட்டும் இடத்தில்தான் சறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விருந்தாளி வரைபடத்தில் விரல் வைப்பார். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு கூட்டிப் போக வேண்டும். மூன்று பள்ளத்தாக்குகள், எழுபத்தெட்டு லிஃப்டுகள், விரல் எங்கே விழுந்தாலும் சரி. மாட்டேன் என்று சொன்ன ஆசிரியர் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை.

அந்தப் பள்ளி ஆசிரியை புர்கிக்கு அந்த வெள்ளிக்கிழமை விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. சீப்ரன் விரல் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.

சீப்ரன் ஹாலந்துக்காரர், எழுபத்தோரு வயது, பால் பண்ணை வைத்திருந்தவர். அவர் ஊரில் மேடு என்றால் கடலணைக் கரைதான். அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாக ஸ்கீயைக் காலில் மாட்டி, குழந்தைகளோடு குழந்தையாக விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். பிப்ரவரி பிறந்தால் புர்கியின் குழுவில் வந்து நிற்பார். அவர் மனைவி ரின்ஸ்கேக்கு ஸ்கீ ஆகாது. அவள் மலையைச் சுற்றிப் பேருந்தில் அடுத்த பள்ளத்தாக்கிலிருக்கும் ஹின்டராவ் ஊருக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவாள். "ஒருநாள் நீ கீழே உட்கார்ந்திரு, நான் மேலேயிருந்து வந்து இறங்கறேன் பாரு" என்று அவர் ஆறு வருஷமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாஸ்பாக்கிலிருந்து ஹின்டராவுக்குச் சறுக்கிப் போக ஒரே வழிதான். கணவாய் வரை நாற்காலி லிஃப்ட், அங்கிருந்து வெள்ளாட்டுச் சரிவு. கறுப்புப் பாதை, அதாவது இருப்பதிலேயே கடினமானது. முதல் முந்நூறு மீட்டர் சுவர் மாதிரி. அதைத் தாண்டிவிட்டால் பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுகூடப் போகலாம். புதன்கிழமை வேறொரு கறுப்புப் பாதையில் சீப்ரன் ஒரு தடவைகூட விழாமல் இறங்கிவிட்டார். அவரால் முடியும். முடியாதது புர்கிக்குத்தான்.

ஆமாம், புர்கிக்குத்தான். ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷ ஆசிரியை, அதே பள்ளத்தாக்கில் பிறந்து மூன்று வயதில் சறுக்கத் தொடங்கியவள். ஜனவரியில் ஒருநாள், கூட்டம் வருமுன் தனியாக ஒரு தடவை இறங்கலாமென்று வெள்ளாட்டுச் சரிவுக்குப் போனாள். முந்தின நாள் தூறிய மழை உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஸ்கீயின் விளிம்பு பிடிக்கவில்லை. தலைகீழாக, மல்லாக்க, இருநூறு மீட்டர் போனாள். எலும்பு முறியவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. எழுந்து பனியைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துக்கொண்டே எவனிடமாவது சொல்லித் தொலைத்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. மறு வாரம் ஒரு குழுவோடு கணவாயில் போய் நின்றாள். சரிவின் விளிம்பை எட்டிப் பார்த்தவள் பின்வாங்கிவிட்டாள். "சே, இன்னிக்கு ஒரே ஐஸ்" என்று சொல்லி அதே நாற்காலியில் எல்லாரையும் திருப்பிக் கூட்டி வந்தாள். அதிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. ஒருநாள் கூட்டம் என்றாள், ஒருநாள் பனி ஈரம் என்றாள். ஸ்கீ ஆசிரியைக்குச் சரிவைக் கண்டால் பயம் என்பதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? மீன்காரி தண்ணீரைக் கண்டு பயப்படுகிற கதைதான்.

ஒன்பது மணிக்கு லிஃப்ட் நிலையத்துக் காபிக் கடையில் குழு கூடியது. சீப்ரனைத் தவிர கீல் நகரத்து அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா பிர்டே ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை கேட்பாள். தங்கை எதையுமே கேட்கமாட்டாள்.

"நாங்க எங்க வேணாலும் வரோம். இன்னிக்குச் சீப்ரன் நாள்" என்றாள் பிர்டே.

சீப்ரன் கையுறையைக் கழற்றி, பெரிய பண்ணைக்கார விரலை ஹின்டராவ் மேல் வைத்தார். "ரின்ஸ்கே எட்டு மணி பஸ்லயே போயிட்டா. அங்க லிஃப்ட் அடியில பெஞ்சுல உக்காந்திருப்பா. போர்வைகூட எடுத்துட்டுப் போயிருக்கா."

போர்வை என்ற சொல்லைக் கேட்டதும் புர்கி நிமிர்ந்திருக்க வேண்டும். பாவி மனுஷி, நிமிரவில்லை. "ஐயோ, சீப்ரன்," என்றாள், "கணவாயில காத்து. நாற்காலியை நிறுத்திட்டாங்களாம்."

"காத்தா?" பிர்டே சன்னல் வழியாகப் பார்த்தாள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "அங்க பலகையில பச்சை விளக்கு எரியுதே?"

"அதை இன்னும் மாத்தலை. எனக்கு இப்பதான் போன் வந்துது."

போனும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பொய் சொன்னவள் அதையாவது ஒன்றோடு நிறுத்தினாளா? ஒன்றுக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. முகம் சூடேறியது. காபியைக் குடிப்பது போல் கோப்பைக்குள் மூஞ்சியை மறைத்துக்கொண்டாள்.

சீப்ரன் விரலை மெதுவாக எடுத்துக் கையுறைக்குள் விட்டார். "காத்துன்னா காத்துதான். அதுகூட யார் சண்டை போட முடியும்? இரு, ரின்ஸ்கேகிட்டச் சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போய்ப் போனில் பேசினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் ஏதோ கேட்பதும், பிறகு போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. திரும்பி வந்தபோது சிரிக்கத்தான் செய்தார். ஆனால் புர்கியைப் பார்க்கவில்லை.

"சரிம்மா, நீ சொல்ற இடத்துக்கே போவோம்" என்றார்.

ஊரை ஒட்டிய சரிவுகளிலேயே காலையை ஓட்டினார்கள். நல்ல பனி, நல்ல வெயில். எல்லாம் நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை. ஒரு சின்னக் காற்றாவது அடிக்காதா என்று புர்கி கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. தன் குழு அந்தப் பக்கம் திரும்பாதபடி முதுகைக் காட்டி நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். முப்பது வருஷ அனுபவம் இதற்குத்தான் உதவியது.

சீப்ரன் விழுந்தார். வாரம் முழுக்க விழாதவர் நீலப் பாதையில், கிழவிகளும் குழந்தைகளும் போகிற பாதையில், மூன்று தடவை விழுந்தார். "கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். புர்கி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் நன்றி சொன்னார்.

மதியம் குடிசை உணவகத்தில் பாலாடைக்கட்டி உருண்டை சூப்பில் கரண்டியை வைக்கிற நேரத்துக்குத்தானா அந்த ஃபெர்டில் வந்து சேர வேண்டும்! ஃபெர்டில் அதே பள்ளி ஆசிரியன், ஊர் வாய். கதவைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"ஏய் புர்கி! உனக்கு என்ன மூளை கெட்டுப்போச்சா? இப்படி ஒரு நாள்ல இங்க உக்காந்து சூப் குடிச்சிட்டிருக்கே! வெள்ளாட்டுச் சரிவு சும்மா வெண்ணெய் மாதிரி இருக்கு. இப்பதான் ஹின்டராவ் போயிட்டு வரோம். ஒரு இலை அசையலை!"

பிர்டே கரண்டியை வைத்துவிட்டு, கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த டீச்சர் மாதிரி புர்கியைப் பார்த்தாள். "காத்துன்னு சொன்னீங்களே?"

புர்கிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார் சீப்ரன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "காலையிலயே எனக்கு முடியலை. உங்ககிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துது. புர்கி என் மானத்தைக் காப்பாத்தினா. விடுங்க, சூப் ஆறுது."

"அட, அதுக்கென்ன தாத்தா! மலை எங்கயும் ஓடிடாது" என்று ஃபெர்டில் அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹின்டராவில் காற்று இல்லை என்று ரின்ஸ்கே போனில் சொல்லாமலா இருந்திருப்பாள்? தெரிந்தும் புர்கிக்காகப் பொய் சொல்கிறார். அந்த நேரத்திலாவது புர்கி எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளோ, தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். அப்படி மூச்சு விட்டதை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மூன்று மணிக்குப் பாடம் முடிந்தது. ஸ்கீ வைக்கிற அறையில் புர்கி காலணியைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவனிடம் சீப்ரன் பேசுவது காதில் விழுந்தது.

"இந்த ஸ்கீ ரெண்டையும் நீயே வச்சுக்க. யாராவது புதுசாக் கத்துக்க வந்தாக் குடு. நல்ல ஸ்கீ."

புர்கி ஒரு காலில் காலணியும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக ஓடினாள். "சீப்ரன், எதுக்கு இது?"

அவர் அவளை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. ரின்ஸ்கே காலையில சொன்னா, அங்க காத்தே இல்லைன்னு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. உனக்கு என்னை நேராப் பார்த்து முடியாதுன்னு சொல்ல மனசு வரலை. அதான் காத்து மேல பழியைப் போட்டே. ஆறு வருஷம் பார்த்தவ நீ; உனக்குத் தெரியாதா என் லட்சணம்? புதன்கிழமை இறங்கினதும் என்னமோ பெரிய ஆளுன்னு நினைச்சுட்டேன். கிழவனுக்கு ஆசையைப் பாரு!" சிரித்தார். "நீ பக்குவமாச் செஞ்சே. அதுக்கு நன்றிதான் சொல்லணும்."

நன்றியாம்! செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். தன் வெட்கத்தை மூட்டை கட்டி இந்த மனிதர் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறோம், அவரும் காலையிலிருந்து பேசாமல் சுமந்துகொண்டு திரிகிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இல்லை சீப்ரன், அது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் ரின்ஸ்கே பேருந்திலிருந்து இறங்கி, போர்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சீப்ரன் எழுந்து போர்வையை வாங்கிக்கொண்டார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். புர்கி சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவள் செய்த தப்புதான்.

ஐந்து மணிக்குச் சதுக்கத்தில் பதக்க விழா. வாரா வாரம் நடப்பதுதான். பள்ளித் தலைவர் குவிரின் மைக்கைப் பிடித்து இரண்டு நகைச்சுவை சொல்வார். பிறகு ஒவ்வோர் ஆசிரியரும் தன் குழுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வார்த்தை பாராட்டி, பதக்கம் குத்திவிட வேண்டும். சூடான திராட்சை ரசக் கோப்பைகளோடு இருநூறு பேர் நின்றிருந்தார்கள். சக ஆசிரியர்கள் சிவப்பு மேலங்கியில் ஒரு வரிசையாக நின்றார்கள்.

புர்கியின் முறை வந்தது. முதல் பெயர் சீப்ரன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். கூட்டத்தில் ஃபெர்டில், "தாத்தா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்!" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். சீப்ரனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"இன்னிக்குக் காத்து இல்லை" என்றாள் மைக்கில். குரல் கீச்சென்று வந்தது. "இவருக்கு முடியாமலும் இல்லை. வெள்ளாட்டுச் சரிவை இவர் இறங்கியிருப்பார். நல்லாவே இறங்கியிருப்பார். எனக்குத்தான் பயம். ஜனவரியில அங்க விழுந்தேன். அதுக்கப்புறம் போகலை. இவர்கிட்டப் பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

குவிரின் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபெர்டிலின் கோப்பை பாதி வழியில் நின்றது. முப்பது வருஷமாக நிமிர்ந்து நடந்த ஊரில் நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பது போல் இருந்தது புர்கிக்கு. காதுமடல் எரிந்தது. ஆனாலும் ஓடவில்லை.

சீப்ரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"சத்தமாச் சொல்லு" என்றார். "ரின்ஸ்கேக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவள் மைக்கை வாயருகே வைத்து இன்னொரு தடவை சொன்னாள். இவரால் முடியும், எனக்குத்தான் பயம். ஒலிபெருக்கியில் அது தேவாலயம் வரை போய்த் திரும்பி வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ரின்ஸ்கே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதக்கத்தைக் குத்தப் புர்கியின் கை வரவில்லை. சீப்ரன் அதை அவள் விரல்களிலிருந்து தானே எடுத்துக்கொண்டார். அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் பேசியபோது குரல் உடைந்துவிட்டது. மைக் திறந்திருந்ததால் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஆறு வருஷமா ஒவ்வொரு நாளும் நான் பயந்துகிட்டேதானே உன் பின்னால இறங்கினேன்? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, மெதுவா, பக்கவாட்டாச் சறுக்கியே இறங்கியிருப்போமே."

அவர் ரின்ஸ்கேயிடம் போய்விட்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் ஊர் திரும்பும் பேருந்து. கணவாய் லிஃப்ட் திறப்பதும் ஒன்பது மணிக்குத்தான். இந்த வருஷம் இனி ஹின்டராவ் இல்லை.

இருநூறு பேரும் புர்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் இன்னும் இரண்டு பதக்கங்கள் இருந்தன. தாளைப் பார்த்து அடுத்த பெயரை வாசித்தாள்.